சாப்பிடாத தாடி ஓணானுக்கு முதல் தேவை தீனியல்ல, சூடு!

"மூணு நாளா ஒன்னுமே சாப்பிடல!"

வீட்டில் வளரும் பிராணிக்கு உடல் சுகமில்லை என்றதும் முதலில் காதில் விழும் வாசகம் இதுதான். நாய் என்றால் கஞ்சி, பூனை என்றால் ஒரு துண்டு மீன் என்று வாய்க்கு அருகே கொண்டுபோய் ஊட்டப் பார்ப்பது நம்மவர்களின் சுபாவம். பிள்ளை வளர்த்த கை அப்படித்தான் பழகியிருக்கிறது. ஆனால் மலேசியாவில் பல வீடுகளின் வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டிக்குள் இடம் பிடித்துவிட்ட 'பியர்டட் டிராகன்' எனப்படும் தாடி ஓணானிடம் இந்தப் பாசத்தை அப்படியே காட்டினால், அதுவே அதன் உயிருக்கு உலை வைத்துவிடும். உடல் குளிர்ந்து கிடக்கும் ஓணானின் வயிற்றுக்குள் போன தீனி செரிக்காது. அங்கேயே தங்கிக் கெட்டுப்போகும்.

அப்படியானால் பட்டினி போடுவதா? இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் சூடு, அடுத்தது தண்ணீர், கடைசியில்தான் தீனி. இந்த வரிசை தலைகீழாகப் போவதால்தான் பல வீடுகளில் ஓணான் வைத்தியரிடம் போவதற்குள்ளேயே செத்துப்போகிறது.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் தோட்டத்து வேலியில் தலையாட்டிக்கொண்டு நிற்குமே ஓணான், மலாய்க்காரர்கள் 'சும்பா-சும்பா' என்பார்களே, அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி. வறண்ட மண்ணும் சுட்டெரிக்கும் வெயிலும் உள்ள இடம். அறிவியலார் இதற்கு வைத்த பெயர் போகோனா விட்டிசெப்ஸ். வாலோடு சேர்த்து அரை மீட்டருக்கு மேல் வளரும். நல்ல பராமரிப்பில் பத்தாண்டுவரை வாழும். ஆஸ்திரேலியா தன் நாட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. கடைகளில் விற்கப்படுபவை வெளிநாடுகளில் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறைகள். சிங்கப்பூரில் இதை வளர்ப்பதற்கு அனுமதியே இல்லை என்பதையும் அங்குள்ள வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தீபகற்ப மலேசியாவில் எந்தப் பிராணிக்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்டுக்கொண்டு வாங்குவதே முறை. கடைக்காரர் வாய்வார்த்தை போதாது.

நம் ஊர் சூடு போதாதா?

"இங்கேதான் வருஷம் முழுக்க வெயில் கொளுத்துதே, இதுக்குத் தனியா விளக்கு எதுக்கு?" இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு வேறு.

நம் வீட்டுக்குள் பகலில் 30 டிகிரி செல்சியஸ் இருக்கும். மின்விசிறியைத் திறந்துவிட்டு நாம் வியர்த்துக்கொண்டிருப்போம். தாடி ஓணானுக்கோ உடல் சூடு ஏறத்தாழ 35 டிகிரியை எட்டினால்தான் குடல் ஒழுங்காக வேலை செய்யும். அந்தச் சூட்டை அதன் உடம்பு நம் உடம்பைப்போல் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. வெளியே இருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் தொட்டியின் ஒரு முனையில், மேலிருந்து விளக்கு படும் இடத்தில், 38 முதல் 42 டிகிரி வரை இருக்க வேண்டும். மறுமுனை 25, 28 டிகிரி என்று குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடு வேண்டியபோது இந்தப் பக்கம், போதும் என்றால் அந்தப் பக்கம். இந்த நடமாட்டம்தான் அதற்கு உயிர் மூச்சு.

நோய் வந்துவிட்டால் இந்தச் சூடு இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1974, 1975ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதற்குப் பெயர்பெற்றவை. பாலைவன இகுவானா என்ற பல்லியினத்துக்கு நோய்க்கிருமியை ஏற்றிப் பார்த்தார்கள். கிருமி ஏறிய பல்லிகள் தாமாகவே வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போய்ப் படுத்தன. நமக்குக் காய்ச்சல் உள்ளிருந்து வருகிறது. அவை காய்ச்சலைத் தேடிப் போகின்றன! நகர விடாமல் குறைந்த சூட்டில் வைக்கப்பட்ட பல்லிகள் பெரும்பாலும் மடிந்தன. 40, 42 டிகிரியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. தாடி ஓணான் வேறு இனம் என்றாலும், ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர்கள் முதலில் தொட்டியின் வெப்பத்தை விசாரிப்பது இதனால்தான். அவர்கள் கொடுக்கும் மருந்துகூட உடல் சூடு சரியாக இருந்தால்தான் கணக்குப்படி வேலை செய்யும்.

ஆகவே, ஓணான் சோர்ந்து கிடந்தால் முதல் வேலை வெப்பமானியை எடுப்பது. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்ப முடியாது. அது காட்டுவது கண்ணாடியின் சூட்டை. கம்பியின் முனையை ஓணான் படுக்கும் இடத்திலேயே வைக்கக்கூடிய மின்னியல் வெப்பமானி நல்லது. 2020ல் கோவிட் காலத்தில் கடை வாசல்களில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தக் கருவி இதற்கு உதவாது. அது மனித உடல் சூட்டுக்கென்று அளவு வைக்கப்பட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நடக்க முடியாத அளவுக்கு நலிந்த ஓணானை விளக்குக்கு நேர் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடக் கூடாது. சூடு தாங்காமல் விலகிப் போக அதற்குத் தெம்பு இருக்காது. விளிம்பில் வைத்து, 32, 34 டிகிரி வரும்படி பார்த்துக்கொண்டு, அருகில் ஒருவர் இருக்க வேண்டும். அடியில் வைக்கும் 'சுடுகல்' வேண்டவே வேண்டாம். வயிறு வெந்து புண்ணான ஓணான்கள் உண்டு. இரவில் விளக்குகளை அணைத்துவிடலாம். நம் ஊர் இரவுச் சூடு அதற்குப் போதும். கேமரன் மலையில் இருப்பவர்களும், படுக்கையறையில் குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டு அதே அறையில் தொட்டியை வைத்திருப்பவர்களும் மட்டும் இதற்கு விலக்கு.

சூடு ஏறிய பிறகு தண்ணீர். மூக்கின் நுனியில் சொட்டுச் சொட்டாக விட்டால் நாக்கை நீட்டி நக்கும். வெதுவெதுப்பான நீரில், தோள் அளவுக்கு மேல் போகாமல், பதினைந்து நிமிடம் உட்கார வைத்தால் சில ஓணான்கள் தாமாகக் குடிக்கும், மலமும் இளகும். தலையைப் பிடித்துக்கொள்ளத் தெம்பில்லாத ஓணானைத் தண்ணீரில் விடக் கூடாது. வாயைத் திறந்து ஊற்றுவது அதைவிடப் பெரிய ஆபத்து. மூச்சுக்குழாயின் வாய் அதன் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

சூடும் தண்ணீரும் சரியானதும் பல ஓணான்கள் தாமாகவே தீனியைத் தேடத் தொடங்கிவிடுகின்றன. ஊட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், எதை, எவ்வளவு, எப்படி என்பதை மருத்துவர் செய்து காட்ட வேண்டும்.

வளையும் எலும்பு

இனி, மிக அதிகமான தாடி ஓணான்களை முடமாக்கும் நோயைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்க்கலாம். இது கிருமியால் வருவதல்ல. வீட்டாரின் அறியாமையால் வருவது.

தாடையை மெல்லத் தொட்டால் ரப்பர் போல் வளைகிறது. கால் விரல்கள் காரணமில்லாமல் துடிக்கின்றன. முன்னங்காலும் பின்னங்காலும் வீங்கி, பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருக்கின்றன. வீட்டில் உள்ளவர்களோ "நல்லா சதை போட்டிருக்கு" என்று மகிழ்ந்துபோகிறார்கள். வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி நடக்க முடியாமல் இழுத்துக்கொண்டு போகிறது. முதுகு கோணுகிறது. இவையெல்லாம் எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், கரைந்துபோவதன் அடையாளங்கள்.

கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அந்த டி3 ஓணானின் தோலில் உருவாகிறது. அதற்கு வெயிலில் உள்ள புறஊதா பி கதிர் வேண்டும். கதிர் பட்டபின் அந்தச் சத்து முழுமை பெற உடல் சூடும் வேண்டும். ஆக, ஒளி, சூடு, கால்சியம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண்.

இங்கேதான் ஜன்னல் ஏமாற்றுகிறது. "ஜன்னல் ஓரமா வெச்சிருக்கோம், நல்லா வெயில் படுது" என்பார்கள். சாதாரணக் கண்ணாடி புறஊதா பி கதிரை உள்ளே விடாது. ஓணானுக்குக் கிடைப்பது வெளிச்சம் மட்டுமே. அதற்கென்றே விற்கும் புறஊதா விளக்கு வேண்டும். குட்டிச் சுருள் பல்பைவிட, தொட்டி நீளத்தில் பாதியாவது வரும் குழல் விளக்கு மேல். பகலில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் எரிய வேண்டும். இன்னொரு சங்கதியும் உண்டு. கண்ணுக்கு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். ஆனால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அதன் புறஊதாக் கதிர் குறைந்துபோயிருக்கும். எரிகிற விளக்கை யார் தூக்கிப் போடுவார்கள்? அதனால்தான் வாங்கிய தேதியை விளக்கின் ஓரத்தில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

நம் நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கிடைக்காத சூரியன் நமக்கு இலவசம். காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள், கம்பிக் கூண்டில் வைத்து இருபது நிமிடம் வெளியே வெயில் காட்டலாம். கூண்டின் ஒரு பாதியில் நிழல் இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு தூக்கிப்போய் வெயிலில் வைத்தால் சிறிது நேரத்தில் உள்ளே அடுப்பாகிவிடும். காகமும் பூனையும் உள்ள இடத்தில் கூண்டை விட்டு அகலவும் கூடாது. கிள்ளானில் இருப்பவர்களுக்குக் காகத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இந்த நோயை நிறுத்திவிடலாம். எலும்பு திரும்பக் கெட்டிப்படும். ஆனால் ஏற்கெனவே வளைந்த முதுகு நிமிராது. கோணிய தாடை நேராகாது. அப்படியே பல ஆண்டுகள் வாழும் ஓணான்களும் உண்டு. வலியைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை என்ற நிலையில் மருத்துவர் ஊசி போட்டு விடுதலை தரச் சொல்லலாம். சிலர் செய்வதுபோல் உறைபெட்டிக்குள் வைப்பது, கேட்பதற்குச் சாந்தமான வழியாகத் தோன்றினாலும், குரூரமானது.

கீரையிலும் ஒரு கணக்கு

குட்டி ஓணான் பெரும்பாலும் பூச்சி தின்னும். வளர்ந்தது பெரும்பாலும் இலை தழை தின்னும். பூச்சியில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அதனால் சிள்வண்டையோ புழுவையோ கால்சியம் மாவில் புரட்டித்தான் போட வேண்டும். பூச்சியின் அளவு ஓணானின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. தின்னாத சிள்வண்டை இரவில் தொட்டிக்குள் விட்டுவைத்தால், படுத்துக் கிடக்கும் ஓணானை அது கடிக்க ஆரம்பித்துவிடும்.

கீரை என்றால் எல்லாம் நல்லது என்பது நம் எண்ணம். சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் பாயாம் கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. அதை அன்றாடத் தீனியாக்கக் கூடாது. சாவி, கைலான், துருவிய பரங்கிக்காய், கொஞ்சம் முருங்கைக் கீரை ஆகியவை நல்லவை. வாசலில் பூக்கும் செம்பருத்தியின் பூவையும் இளந்தளிரையும் தாடி ஓணான் ஆசையாகத் தின்னும். நம் தேசிய மலரே அதற்குப் பலகாரம்! மருந்து தெளிக்காத செடியாக இருந்தால் போதும். அவகாடோ மட்டும் கூடாது. மின்மினிப் பூச்சியும் கூடாது. அமெரிக்காவில் மின்மினி தின்ற தாடி ஓணான் செத்தது 1999ல் வெளியான ஆய்வுக் கட்டுரையிலேயே பதிவாகியிருக்கிறது. குடியிருப்பில் டிங்கிக் கொசுவுக்குப் புகையடித்த வாரத்தில் தோட்டத்துப் பூச்சியைப் பிடித்துப் போடுவதும் விஷம் வைப்பதற்குச் சமம்.

ஒளித்துவைக்கும் நோய்

காட்டில் நோயாளி என்று தெரிந்தால் மற்ற விலங்குக்கு இரை. ஆகவே தாடி ஓணான் தன் நோவைக் கடைசிவரை மறைக்கும். நாயைப்போல் முனகாது. வெளியே தெரிகிறபோது நோய் முற்றியிருக்கும். இதற்கு மாற்று, சமையலறையில் உள்ளது போன்ற ஒரு கிராம் தராசு. வாரம் ஒருமுறை நிறுத்து ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். 400 கிராம் இருந்தது 360 ஆனால், அது பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். அந்தத் தராசை மறுபடி மாவு நிறுக்கக் கொண்டுபோகக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

"தூங்குது, விட்டுடுங்க" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. வளர்ந்த ஓணான் சில வேளைகளில் வாரக்கணக்கில் தூங்குவது இயற்கைதான். குளிர்காலத்தில் அடங்கிக் கிடக்கும் அதன் பழக்கம் அது. ஆனால் அந்தத் தூக்கத்தில் எடை பெரிதாக இறங்காது. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டி அப்படித் தூங்கினாலோ, தூங்குவது மெலிந்துகொண்டே போனாலோ அது தூக்கமல்ல, நோய்.

நாற்றத்தோடு நீராகப் போகும் மலம் குடல் ஒட்டுண்ணியின் வேலையாக இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல முடியாது, உருப்பெருக்கியில்தான் தெரியும். விளக்கடியில் வாயைத் திறந்து படுத்திருப்பது சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழக்கம். குளிர்ந்த மூலையிலும் வாயைத் திறந்து மூச்சுவிட்டு, மூக்கில் நீர்க்குமிழி வந்தால் அது நுரையீரல் நோய். நம் ஈரக் காற்றில் இது எளிதில் வரும். தோலில் மஞ்சளாகப் பொருக்குத் தட்டி உள்ளே புண்ணாகப் போவது பூஞ்சை நோய். அருகில் உள்ள ஓணானுக்கும் தொற்றிவிடும். ஆண் துணை இல்லாமலேயே பெண் ஓணான் முட்டை கட்டும்; மண்ணைப் பறித்துப் பறித்து முக்கியும் முட்டை வரவில்லை என்றால் தாமதிக்கவே கூடாது. குடல் வெளியே தள்ளியிருந்தால் சுத்தமான ஈரத் துணியால் மூடி, அந்த மணி நேரமே கிளம்ப வேண்டும்.

கைவைத்தியத்தில் கை வைக்க வேண்டாம். பனடோல் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது, நாய்க்கு வாங்கிய பூச்சி மருந்தில் மிச்சத்தை ஊற்றுவது, எண்ணெய் தடவுவது எல்லாமே கெடுதல். தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அந்த ஒரு அறைக்கு மட்டும் காட்டாமல் விட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

வீட்டு மனிதர்களையும் கவனிக்க வேண்டும். ஆரோக்கியமான ஓணானின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். அமெரிக்காவில் 2012 முதல் 2014 வரை தாடி ஓணான்களிடமிருந்து பரவிய ஒருவகை சால்மோனெல்லாவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய பிள்ளைகள். தொட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஓணானின் தட்டையும் தொட்டியையும் பாத்திரம் கழுவும் இடத்தில் கழுவக் கூடாது. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவரோ உள்ள வீட்டில், நோயுற்ற ஓணானைப் பார்க்கும் பொறுப்பு வேறொருவருடையதாக இருக்கட்டும்.

எல்லாக் கிளினிக்கிலும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அங்கும் முன்கூட்டியே அழைத்து, ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. போகும்போது அன்றைய மலத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொள்ளலாம். எடை எழுதிய நோட்டு, தொட்டியைக் கைத்தொலைபேசியில் எடுத்த படம், விளக்கு வந்த அட்டைப்பெட்டி ஆகியவையும் வேண்டும். அந்தப் பெட்டியில் உள்ள எண்களைப் பார்த்தே பாதிக் கதையை மருத்துவர் புரிந்துகொள்வார். ஓணானைத் துணி விரித்த பெட்டியில் வைத்து, வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வைக்கலாம். காரில் ஏர்கோனை மட்டும் போடாமல், சன்னலைச் சற்று இறக்கிவிட்டு ஓட்டிச் செல்ல வேண்டும்.